நம் பேர் ஏட்டில் ஏறட்டும்!

(கேகாலை மாவட்டம் எட்டியாந்தோட்டையில், தோட்டத் தொழிலாளரும் சிறுநிலக்காரரும் ஆசிரியரும் கணினித் துறை இளைஞரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை.)



நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்று சொல்வது வழக்கம். குறித்த நிறைக்குக் கொழுந்து சேரவில்லையென்றால் அரைப் பேர். மாலையில் கூடையை இறக்கிவைத்த தாய் கேட்கும் முதற்கேள்வி, “இன்றைக்குப் பேர் விழுந்ததா?” என்பதே. செக்றோலில் பேர் விழுந்தால் சம்பளம் உண்டு. விழாவிட்டால் மலையேறிய காலுக்கும் கொழுந்து கிள்ளிய கைக்கும் கணக்கு இல்லை. உழைத்ததை ஊரே கண்டிருந்தாலும் ஏடு காணவில்லையென்றால் அது நடவாத காரியம். ஆகவே, ஏட்டில் பேர் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்று நாம் பேச வந்திருப்பது இன்னோர் ஏட்டைப் பற்றியாகும். அது கணினியில் எழுதப்படும் ஏடு. இலங்கைக்கு டிஜிட்டல் அடையாள முறையொன்றை அமைப்பதற்காக 2022 மார்ச் மாதத்தில் இந்திய அரசாங்கமும் இலங்கை அரசாங்கமும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கென இந்தியா 300 கோடி இந்திய ரூபாயை நன்கொடையாக ஒதுக்கிற்று. 2023 ஆகஸ்டில் அதில் 45 கோடியை முற்பணமாகக் கொடுத்தது. ஒருவரது பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றோடு முகம், கருவிழி, விரல்ரேகை என்னும் உடலடையாளங்களையும் சேர்த்து ஒரே பதிவாக்குவது அதன் நோக்கம்.

“இது கொழும்பிலே கண்ணாடி அறைக்குள் அமர்ந்திருக்கும் கணினிக்காரர் விவகாரம், இறக்குவானையில் கொழுந்து பறிப்பவளுக்கும் தெரணியகலையில் றப்பர்ப் பால் வெட்டுபவனுக்கும் இதில் என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அதற்கு விடை நம் பாட்டன்மாரின் வரலாற்றிலே இருக்கிறது.

ஏடு மறந்த மக்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டது என்ன? தந்தை இலங்கையிற் பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று. காடழித்துத் தோட்டம் ஆக்கியவர்களிடம், பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவா என்றது சட்டம். நாட்டை உண்டாக்கிய கைகள் இருந்தன; கையில் கடதாசி இருக்கவில்லை.

1949ஆம் ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவர்க்கு 7 ஆண்டு, மணமாகாதவர்க்கு 10 ஆண்டு இடையறாத வாசத்துக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 அக்டோபர் 30இல் சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றவர் என்னும் நிலை சட்டத்தளவில் நீங்கிற்று.

இதற்கிடையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் வந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அந்தச் சட்டம் பிரசைகளுக்கு உரியது. பிரசாவுரிமை இல்லாதவர்க்கு அட்டை இல்லை; அட்டை இல்லாதவர் வங்கிக்குப் போனாலும் மதிப்பில்லை, வீதித் தடையில் நின்றாலும் மதிப்பில்லை. ஓர் ஏட்டில் பேர் இல்லாமை அடுத்த ஏட்டுக்கும், அதற்கடுத்த ஏட்டுக்கும் இவ்வாறே தொற்றிக்கொண்டு சென்றது.

தேடிப்பெற்ற கடதாசிகளையும் நாம் காப்பாற்ற முடிந்ததா? 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சபரகமுவ மக்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். பெட்டியும் பத்திரமும் தீக்கிரையாயின. 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைச் சிதைத்தன. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலையே சரிந்து குடியிருப்புகளை மூடிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மீண்டும் மலைநாட்டைக் குலைத்தது. கடதாசி எரியும், நனையும், மண்ணுக்குள் போகும். நன்கு காக்கப்படும் கணினிப் பதிவு அவ்வாறு போகாது. ஆகையால் நாம் இந்தப் புதிய முறைக்கு எதிரிகள் அல்லர். அதனால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்களே நாம்தாம். ஆனால், பதியும்போதே பிழையாகப் பதிந்துவிட்டால், அந்தப் பிழையும் எரியாது, நனையாது, அழியாது. இதுவே நம் கவலை.

எண்ணுக்குள் இருக்கும் செய்தி

உங்கள் சட்டைப்பையிலும் மடிப்பெட்டியிலும் உள்ள அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையானால் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் நீங்கள் பிறந்தது எத்தனையாம் நாள் என்பது. பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1975 பெப்ரவரி 2ஆம் நாள் பிறந்த பெண்ணின் எண் 75533 என்று தொடங்கும், ஆணானால் 75033. அதன் பின் வரிசை எண் மூன்று இலக்கம். இறுதியில், எழுதும்போது இலக்கம் பிசகினால் காட்டிக்கொடுக்கும் காவல் இலக்கம் ஒன்று. கடைசியில் நிற்கும் எழுத்து ‘வீ’ என்றால் வாக்குரிமை உடையவர். ‘எக்ஸ்’ என்றால் இல்லாதவர். ஒரு மனிதனின் அரசியல் உரிமை ஓர் எழுத்துக்குள் அடைக்கப்பட்டிருந்தது!

ஆண்டுக்கு இரண்டு இலக்கம் என்று வகுத்தவர்கள், 2000ஆம் ஆண்டில் பிறக்கும் குழந்தையும் ஒரு நாள் அட்டை கேட்டு வரும் என்று எண்ணவில்லை. ‘00’ என்றால் 1900ஆ, 2000ஆ? இக்குழப்பம் தீர 2016 ஜனவரி முதல் எண் 12 இலக்கமாயிற்று. பழைய எண்ணின் முன்னே 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் இலக்கங்களின் பின்னே ஒரு சுழி இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் புதிய எண் கிடைக்கும். அந்த எழுத்து ஒழிந்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

கணினி எழுதும் இளைஞர்கள் அறியவேண்டிய நுட்பமும் இங்கே உண்டு. இந்த எண்ணில் நாளைக் கணக்கிடும்போது, எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கொள்ளப்படுகிறது. ஆகவே மார்ச் 1ஆம் நாள் எப்பொழுதும் 61. இதை அறியாத ஒருவர், கணினி தரும் வழக்கமான நாட்கணக்கைக் கொண்டு நிரல் எழுதினால், சாதாரண ஆண்டில் அது மார்ச் 2 என்று காட்டும். பிறப்புப் பத்திரத்தில் மார்ச் 1. கணினித் திரையில் மார்ச் 2. “இரண்டும் பொருந்தவில்லை, போய்வா” என்பார் எழுதுவினைஞர். பிழை செய்தது யார்? நிரலாளர். ஒரு நாட்சம்பளத்தை இழந்து பஸ் ஏறித் திரும்புவது யார்? நம் தாய்.

ஒரு பேர், மூன்று எழுத்து

எண் இவ்வாறென்றால் பேரின் கதை இதனினும் பெரிது. முத்தழகு என்று ஒரு பேர் எடுத்துக்கொள்வோம். சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. எழுதுபவர் லகரத்தையோ ளகரத்தையோ இடுவார். தமிழில் ஒரே ககரம். சிங்களத்தில் அது வல்லொலிக்கு ஒன்று, மெல்லொலிக்கு ஒன்று எனப் பிரியும். ஆங்கிலத்திலோ ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ எழுத்தை இடுவார்; மற்றொருவர் ‘இசெட்’, ‘எச்’ என்னும் இரண்டெழுத்தை இடுவார். தோட்டக் கந்தோரின் செக்றோலில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சேமலாப நிதி ஏட்டில் ஒரு விதம். பெற்றவள் வைத்த பேர் ஒன்று. அரசாங்கத்தில் திரியும் பேர்கள் நான்கு.

முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு தாயாரை நாம் அறிவோம். ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போனபோது, ஏட்டில் உள்ள பேரும் அட்டையில் உள்ள பேரும் வேறு என்று சொல்லித் திருப்பினார்கள். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி எழுதினார். கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்துப் பெற்றார். தோட்டக் கந்தோருக்கும் பட்டினத்துக்குமாக நடந்தார். பணம் வந்தபோது அதைக் கொண்டு கட்டவிருந்த சுவர் மழையில் விழுந்துவிட்டது. இதிலே அவரைக் கண்ட உத்தியோகத்தர்க்காவது ஒரு மனம் இருந்தது; “உண்மைதான் அம்மா, நீங்கள்தான் அவர், ஒரு கடதாசி மட்டும் கொண்டுவாருங்கள்” என்று சொல்ல முடிந்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒவ்வாததைத் தள்ளிவிடும் நிரலுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

தமிழிலேயே எழுதினால் தீர்ந்துவிடுமா? அங்கும் விழிப்பு வேண்டும். உலகத்து மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுத்த யூனிக்கோட் முறையில், 1991 முதல் தமிழுக்கும் இடம் உண்டு. அங்கே ககரத்தின் எண் 2965. நம் தோட்டத்துச் சொல்லாகிய ‘கொழுந்து’ என்பதன் முதலெழுத்தை எடுங்கள். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு எண்ணாலும் அதை எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று எண்ணாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே தோற்றம். கண்ணுக்கு ஒன்று; இயந்திரத்துக்கு இரண்டு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும் ஒழுங்கை யூனிக்கோட்டே வகுத்திருக்கிறது. நிரலாளர் அதைப் பயன்படுத்தினால் தீங்கில்லை. மறந்தால், கோவிந்தனும் கொண்டம்மாவும் தம் பேராலேயே தமக்கு அந்நியராவார்கள்.

வீட்டுக்கு எண் இல்லை

பேருக்கு அடுத்தது முகவரி. பட்டினத்தில் வீட்டுக்கு எண் உண்டு, வீதிக்குப் பேர் உண்டு. லயத்திலே? ஒரு தோட்டப் பேரின் கீழ் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வருகிறது. கையில் சேரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்துவிடுகிறது. ஒரே முகவரியில் ஐந்நூறு பேர் இருந்தால், ‘இது ஐயத்துக்குரிய பதிவு’ என்று கருதும்படியே ஒரு நிரலை எழுதிவிடலாம். எழுதுபவர் லயத்தைக் கண்டிராவிட்டால் அப்படித்தான் எழுதுவார். முகவரிக் கட்டம் வெறும் கட்டமன்று. வீடும் காணியும் நமக்கு உரியவையாகவில்லை என்னும் பழைய வழக்கு அந்தக் கட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

தேய்ந்த விரல்

மூன்றாவது விரல்ரேகை. கொழுந்து கிள்ளும் விரல் வெடித்துக் கறை படிந்திருக்கும். பால்வெட்டும் கை கத்தியையும் அமிலத்தையும் அறிந்த கை. மண்வெட்டி பிடிக்கும் சிறுநிலக்காரரின் கையும் அதுவே. வயது ஏற ஏற ரேகை மங்கும். உழைப்பினால் அழிந்த ரேகையைக் காட்டி, “நீ நீயல்ல” என்று கருவி சொன்னால், அதனினும் கொடிய நகைப்பு உண்டோ?

இது கற்பனைக் கவலையன்று. இந்தியாவில் 2010 செப்டெம்பர் 29இல் மகாராஷ்டிரத்துத் தெம்பலி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அதனால் கோடிக்கணக்கானோர் வங்கிக் கணக்கும் அரசு உதவியும் எளிதிற் பெற்றனர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாருடன் இணைக்கப்படாமையால் குடும்ப அட்டை நீக்கப்பட்ட வீட்டில் ஒரு சிறுமி பட்டினியால் இறந்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நோயால் இறந்தாள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இறப்புக்குக் காரணம் எதுவாயினும், ஏழையின் வீட்டுக்கு அரிசி வரும் வழி ஓர் இணைப்பினால் அடைபடலாம் என்பதை இந்தியா முழுவதும் அன்று கண்டது. 2018 செப்டெம்பர் 26இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாரை ஏற்றுக்கொண்டபோதும், அதைக் கட்டாயமாக்கக்கூடிய இடங்களுக்கு எல்லை வகுத்தது. அண்டை வீட்டார் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் விலையின்றிக் கற்கலாம்.

திறந்திருக்கும் ஏடு

இளைஞர்களே, இனி உங்களிடம் பேசுகிறோம். புதிய அடையாள முறைகளுக்கு அடித்தளமாகும் மென்பொருள்களில் ஒன்று மோசிப். 2018 முதல் பெங்களூர்ப் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்தது. பிலிப்பைன்ஸும் மொரோக்கோவும் எத்தியோப்பியாவும் அதை மேற்கொண்டன. இலங்கையின் திட்டமும் அதனையே தழுவியது. அதன் நிரல் திறந்த நிரல். விரும்பியவர் எடுத்து வாசிக்கலாம். எந்தெந்த மொழியில் பதிவது, எந்தெந்தக் கட்டங்களைக் கேட்பது என்பதை அந்தந்த நாடே வகுத்துக்கொள்ளும்படி அது அமைந்திருக்கிறது. விரல்ரேகை எடுக்க இயலாதவர்க்கு விதிவிலக்குக் குறித்துப் பதியும் வழியும் அதில் உண்டு.

இதன் பொருள் என்ன? “கணினியால் முடியாது” என்று யாரேனும் சொன்னால், அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. முடியும் என்பது நிரலிலேயே எழுதியிருக்கிறது. செய்வதா, விடுவதா என்பது மனிதர் எடுக்கும் முடிவு. 1948இல் சட்டத்தின் வாசகம் கொழும்பில் வகுக்கப்பட்டபோது, அதை வாசித்து வாதிடவல்லார் நம்மிற் சிலரே. இன்று பலாங்கொடையிலும் காவத்தையிலும் லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் சென்று, மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்பில் உயர்ந்த சம்பளம் பெறுங்கள். அதில் நமக்குப் பெருமையே. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த நிரலை வாசியுங்கள். நம் பேர்களைப் போட்டுச் சோதியுங்கள். பிழை கண்டால் சான்றோடு எழுதி அனுப்புங்கள். எழுத்து சிறிது பிசகிய பேரைத் தள்ளிவிடாமல், மனிதர் பார்த்துத் தீர்ப்பதற்காக எடுத்துவைக்கும் நிரலே நல்ல நிரல் என்பதை உங்கள் தோழர்க்கும் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை ஐந்து. ஒன்று: தமிழ்ப் பேர் தமிழ் எழுத்திலும் கட்டாயமாகப் பதியப்படவேண்டும், பதியும்போதே உரியவர்க்கு வாசித்துக்காட்டித் திருத்த இடமளிக்கவேண்டும். இரண்டு: தோட்டத்து வீடு ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் முகவரியும் வேண்டும். மூன்று: விரல்ரேகை பொருந்தாதவர்க்கு மாற்றுவழி ஒவ்வொரு கருமபீடத்திலும் இருக்கவேண்டும். நான்கு: இயந்திரம் மறுத்தால் மேன்முறையீடு செய்ய, தமிழ் அறிந்த உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கவேண்டும், முறையீடு முடியும்வரை எந்த உதவியும் நிறுத்தப்படலாகாது. ஐந்து: நம் முகமும் ரேகையும் தோட்ட நிர்வாகத்துக்கோ வியாபாரிக்கோ போய்ச் சேரலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டளவில் நில்லாமல் தோட்டத்தளவில் நடைபெறவேண்டும்.

நம் கடமையும் உண்டு, தாய்மார்களே. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறவுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு ஆகியவற்றைப் பக்கத்திற் பக்கமாக வையுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரமே இல்லாதவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு முயலுங்கள். பேர் பிசகியிருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இப்பொழுதே திருத்தம் கேளுங்கள். ஆசிரியர்களே, கிராம உத்தியோகத்தர்களே, வழக்கறிஞர்களே! மனு எழுதிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். புதிய ஏட்டில் மை காயுமுன் திருத்துவது எளிது. காய்ந்த பின் திருத்த ஒரு தலைமுறை போதாது என்பதை நாம் அனுபவித்து அறிந்தவர்கள்.

இரு நூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் நம் முன்னோர் உழைப்பு நடந்தது. அந்த உழைப்புக்கு அரைப் பேர் போட்ட காலமும் உண்டு. பேரே போடாத காலமும் உண்டு. இனி எழுதப்படும் ஏட்டில் நமக்கு முழுப் பேர் விழவேண்டும். அது நம் தாய் வைத்த பேராகவும், நம் மொழியில் எழுதிய பேராகவும், பிழையற்ற பேராகவும் இருக்கவேண்டும். அதற்காக வாசிப்போம், திருத்துவோம், கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!